ஒரு மாத ஆட்டம், நாற்பது ஆண்டுப் பாரம்: ஃபிஃபா மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஃபிஃபா தலைவர் திரு. ஜியான்னி இன்ஃபான்டினோ அவர்களும் ஃபிஃபா மன்ற உறுப்பினர்களும், சூரிச்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்கென எழுப்பப்படும் அரங்கங்களைக் குறித்து இம்மடலை எழுதுகிறேன். நான் கட்டடப் பொறியாளன். பணிக்காலத்தில் புதிதாகக் கட்டியதைவிட, பிறர் கட்டிவிட்டுப் போனவற்றைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியதே அதிகம். கால்பந்து என் உயிரோடு ஒட்டிய ஆட்டம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அந்த ஒரு மாதத்துக்காகக் காத்திருக்கும் கோடிக்கணக்கானோரில் நானும் ஒருவன். ஆகவே போட்டியே வேண்டாம் என்று சொல்வோரின் வரிசையில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். போட்டி வேண்டும், அது முடிந்த பிறகு நடத்திய ஊரின் தலையில் விழும் பாரம் வேண்டாம் என்பதே என் கோரிக்கை.

2034-ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் உரிமை சவூதி அரேபியாவுக்கு 2024 டிசம்பர் 11 அன்று உங்கள் பேரவையில் உறுதிசெய்யப்பட்டது. போட்டியிட வேறு நாடு இல்லாததால் வாக்கெடுப்பும் இல்லை. கரவொலியோடு முடிவு அறிவிக்கப்பட்டது. அந்நாட்டின் விண்ணப்பத்தில் ஐந்து நகரங்களில் 15 அரங்கங்கள் பட்டியலிடப்பட்டிருந்தன. அவற்றுள் அப்போதே இருந்தவை நான்கு, மூன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தன, எட்டு வரைபடத்தில் மட்டும் இருந்தன. ரியாத்தில் 92,000-க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய ஓர் அரங்கம், 200 மீட்டர் செங்குத்துப் பாறையின் உச்சியில் ஓர் அரங்கம், நியோம் நகரில் தரையிலிருந்து 350 மீட்டர் உயரத்தில் ஓர் அரங்கம் என்று அந்தப் பட்டியல் நீண்டது. படங்கள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்தபோது எனக்குள் எழுந்தது ஒரே கேள்வி: 2036-இல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலை, இந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

இந்தக் கேள்வியை நடத்தும் நாட்டிடம் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அரசியல்வாதிகளின் பெருமிதம், ஒப்பந்ததாரர்களின் ஆசை, நகராட்சிகளின் கணக்கறியாமை என்று பழி அங்கேயே பங்கிடப்பட்டுவிடுகிறது. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் எத்தனை அரங்கங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் அமர வேண்டும் என்று எழுதுகிற பேனா உங்கள் கையில் இருக்கிறது. தொடக்க ஆட்டத்துக்கும் இறுதி ஆட்டத்துக்கும் 80,000 இருக்கைகள், அரையிறுதிக்கு 60,000, ஏனைய ஆட்டங்களுக்குக் குறைந்தது 40,000 என்பது உங்கள் விதி. அணிகளின் எண்ணிக்கையை 32-லிருந்து 48 ஆகவும், ஆட்டங்களின் எண்ணிக்கையை 64-லிருந்து 104 ஆகவும் உயர்த்தியவர்களும் நீங்கள். 48 அணிகள் ஆட வேண்டுமென்றால் குறைந்தது 14 அரங்கங்கள் தேவை என்றும் நீங்களே வகுத்திருக்கிறீர்கள். ஓர் ஊரில் வாரந்தோறும் எட்டாயிரம் பேர் கால்பந்து பார்க்க வருகிறார்கள் என்றால், அந்த ஊருக்குத் தேவை பன்னிரண்டாயிரம் இருக்கைகள் கொண்ட நல்ல மைதானம். உங்கள் விதி அங்கே நாற்பதாயிரத்தைக் கட்ட வைக்கிறது. எஞ்சிய இருபத்தெட்டாயிரம் இருக்கைகளும் நான்கைந்து ஆட்டங்களுக்காக மட்டும் வார்க்கப்பட்ட கான்கிரீட்.

இதைவிட என்னை வருத்திய செய்தி ஒன்று உண்டு. 2034-க்கான விண்ணப்ப விதிகளில், ஏற்கெனவே இருக்கும் அரங்கங்கள் குறைந்தது ஏழாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நான்காகக் குறைத்தீர்கள். இருப்பதைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லும் ஒரே கடிவாளம் அதுதான். கடந்த இருபது ஆண்டுகளின் அனுபவத்துக்குப் பிறகு அதை இறுக்கியிருக்க வேண்டும். அதைத் தளர்த்தியதற்கான காரணத்தை என்னால் எந்தக் கட்டுமான அறிவைக் கொண்டும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆளில்லாத அரங்கம் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் வரும் நாளில் விளக்குகள் எரியும், புல் பச்சையாக இருக்கும், மாடங்கள் நிறைந்திருக்கும். பெரிய போட்டி ஒன்றுக்காகக் கட்டப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்திருந்த ஓர் அரங்கின் மேல்மாடத்தை ஆய்வு செய்ய நான் ஒருமுறை போயிருந்தேன். காலை ஏழு மணிக்கு அங்கே நானும் ஒரு காவலாளியும் சில நூறு புறாக்களும் மட்டுமே இருந்தோம். வெயில் படும் பக்கத்து நாற்காலிகளின் சிவப்பு நிறம் வெளுத்துப்போயிருந்தது. விரலால் தேய்த்தபோது மாவு போல ஒட்டிக்கொண்டது. ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன். திருகாணி இறங்கும் இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிய ஓசையுடன் கீறல் விட்டது. மாடத்தின் கான்கிரீட் பலகைகள் வெப்பத்தில் விரிந்து சுருங்குவதற்காக நடுவே இடைவெளி விட்டு, அதை ரப்பர் பட்டையால் அடைத்திருப்பார்கள். அந்தப் பட்டை காய்ந்து பிளந்திருந்தது. அதன் வழியே இறங்கிய மழைநீர் கீழ்த்தளத்தின் உட்கூரையில் பழுப்புக் கோடுகளாக வழிந்திருந்தது. அந்தப் பழுப்பு, உள்ளே கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

பட்டையை உரிய காலத்தில் மாற்ற ஆகும் செலவு சிறியது. மாற்றாமல் விட்டால், துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். அதன் பின் ஆகும் செலவு பன்மடங்கு. சிறிய செலவைக்கூடச் செய்யாமல் விட்டதற்கு அங்கே சொல்லப்பட்ட காரணம், "வருமானம் இல்லாத கட்டடத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது?" என்பது. அப்படிக் கேட்ட அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்தக் கட்டடம் கேட்டுப் பெற்றதல்ல. தலையில் வந்து விழுந்தது.

அரங்கம் நிறைந்தாலும் வெறிச்சோடினாலும் அதன் அன்றாடச் செலவில் பெரிய மாற்றம் இராது. புல்லுக்கு ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. அதற்கு நாள்தோறும் தண்ணீரும், வாரத்தில் இரண்டு மூன்று முறை வெட்டும், பருவத்துக்கேற்ற உரமும் வேண்டும். உயர்ந்த மாடங்களும் கூரையும் சூழ்ந்த அரங்கில் தரைக்குப் போதிய வெயில் விழாது என்பதால், சக்கரம் பூட்டிய விளக்கு வரிசைகளைப் புல்லின் மேல் நகர்த்தி நகர்த்தி மணிக்கணக்கில் எரிய விட வேண்டியிருக்கும். தீயணைப்புப் பம்பை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். மின்தூக்கிகள், வடிகால்கள், கூரையைத் தாங்கும் எஃகு வடங்கள், அவற்றின் முடிச்சுகள் எல்லாவற்றுக்கும் ஆய்வு உண்டு, ஆய்வாளருக்கு ஊதியம் உண்டு. காலியாக இருக்கும் அரங்கம் தன் செலவில் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. வருமானத்தை மட்டும்தான் விட்டுவிடுகிறது.

பிரேசிலை நினைத்துப் பாருங்கள். 2014 போட்டிக்கு எட்டு அல்லது பத்து நகரங்கள் போதும் என்ற கருத்து உங்கள் தரப்பில் இருந்தது, பிரேசில் 12 நகரங்கள் வேண்டுமென்றது, நீங்கள் இசைந்தீர்கள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று அமேசான் காட்டின் நடுவே இருக்கும் மனாஸ். அங்கே இருந்த பழைய மைதானத்தை இடித்துவிட்டு, அப்பகுதி மக்கள் பின்னும் கூடையின் வடிவில் 40,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு புதிய அரங்கம் எழுப்பப்பட்டது. அதற்கான எஃகுச் சட்டங்கள் போர்த்துகலில் செய்யப்பட்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து, ஆற்று வழியாகக் கப்பலில் வந்தன. கட்டுமானத்தில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2013 டிசம்பரில் கூரை வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் ஏறக்குறைய 35 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மாண்டார். இவ்வளவுக்கும் அங்கே நடந்தவை நான்கு ஆட்டங்கள். உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு வரும் கூட்டமோ சில நூறு பேர். போட்டி தொடங்குவதற்கு முன்பே, அரங்கத்தைப் பிறகு எதற்குப் பயன்படுத்துவது என்ற பேச்சு எழுந்தபோது, அம்மாநில நீதிபதி ஒருவர் கைதிகளைத் தற்காலிகமாக அடைத்து வைக்கும் இடமாக்கலாம் என்று யோசனை சொன்னார். திறப்பு விழாவே நடந்திராத ஒரு கால்பந்து அரங்கத்துக்கு அப்படியொரு யோசனை சொல்லப்பட்டதே, அதைக் கட்டியது தவறு என்பதற்குப் போதிய சான்று என்று நான் கருதுகிறேன்.

தலைநகர் பிரசிலியாவின் மானே கரிஞ்சா அரங்கம் வேறு கதை. 70,000-க்கும் மேற்பட்டோர் அமரும் அந்த அரங்கின் செலவு தொடக்க மதிப்பீட்டைப் போல இரு மடங்குக்கும் மேல் போனது. அந்நகர அணிகளோ நாட்டின் மேல்நிலைப் பிரிவுகளில் இல்லை. போட்டி முடிந்த அடுத்த ஆண்டே அதன் வளாகம் நகரப் பேருந்துகளை நிறுத்தி வைக்கும் இடமானது. 2017-இல், அரங்கக் கட்டுமானத்தில் நடந்த முறைகேடு தொடர்பாக முன்னாள் ஆளுநர்கள் இருவர் கைதானார்கள். குயாபா நகரின் அரங்கம், போட்டி முடிந்து ஓராண்டு நிறைவதற்குள் ஒழுக்கு முதலான பழுதுகளுக்காக மூடப்பட்டது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், குயாபா அணி பின்னர் முன்னேறி 2021-இல் முதல் பிரிவுக்கு வந்து, அந்த அரங்கத்துக்கு உயிர் கொடுத்தது. அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அந்த அணியின் உழைப்பால் வாய்த்தது. எந்தத் திட்ட அறிக்கையும் அதைக் கணித்து அரங்கம் கட்டவில்லை. 2024 முடிவில் அந்த அணி மீண்டும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியும்விட்டது.

தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது; 2010-இல் ஆப்பிரிக்க மண்ணில் முதல் உலகக் கோப்பை நடந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி பெரிது. ஜோகன்னஸ்பர்கின் சாக்கர் சிட்டி இன்றும் நிறைகிறது. அது மக்களின் அரங்கம், அங்கே ஏற்கெனவே கால்பந்து இருந்தது. கேப் டவுனில் நடந்தது அப்படியல்ல. அங்கே நியூலாண்ட்ஸில் ரக்பி அரங்கம் இருந்தது. உழைக்கும் மக்கள் வாழும், கால்பந்து ஊறிய அத்லோன் பகுதியின் மைதானத்தை மேம்படுத்தலாம் என்ற யோசனையும் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, கடலும் டேபிள் மலையும் ஒருசேரக் கண்ணில் படும் கிரீன் பாயிண்டில் 400 கோடி ராண்டுக்கு மேல் செலவிட்டுப் புதிய அரங்கம் கட்டப்பட்டது. தொலைக்காட்சியில் அந்தக் காட்சி மிக அழகாக இருந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் விழுந்த நட்டத்தை நகராட்சி சுமந்தது. நியூலாண்ட்ஸை விட்டு ரக்பி அணி அங்கே குடிபெயர்ந்த பிறகே அரங்கத்துக்கு ஒரு நிலையான குடியிருப்பாளர் கிடைத்தார்.

அதே நாட்டின் எம்பொம்பேலா நகர அரங்கத்தின் கூரையை ஒட்டகச்சிவிங்கி வடிவத் தூண்கள் தாங்குகின்றன. நாற்காலிகள் வரிக்குதிரைக் கோடுகளாக அமைக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய 40,000 இருக்கைகள், நான்கு ஆட்டங்கள். அந்த அரங்கத்துக்காக இரண்டு பள்ளிகள் அகற்றப்பட்டன. மாணவர்கள் தற்காலிக வகுப்பறைகளுக்கு மாற்றப்பட்டு, உறுதியளித்த புதிய பள்ளிகளுக்காகக் காத்திருந்து, கடைசியில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அப்பகுதி மக்களின் நிலத்தை ஒரு ராண்ட் விலைக்குக் கைமாற்றிய ஒப்பந்தம் நீதிமன்றம் வரை போனது. அரங்கக் கட்டுமானத்தில் ஊழல் நடப்பதாக வெளிப்படையாகப் பேசிய நகரசபை அவைத்தலைவர் ஜிம்மி மொஹ்லாலா 2009 ஜனவரியில் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றுக்கெல்லாம் ஃபிஃபாதான் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலக்கெடுவும் இருக்கை எண்ணிக்கையும் மாற்ற முடியாதவை என்று ஒரு சிற்றூரின் முன்னால் வைக்கப்படும்போது, அங்கே மாற்றக்கூடியவையாக எஞ்சுவது பள்ளியும் நிலமும்தான்.

ஐரோப்பாவில் இது நடக்காது என்று எண்ண இடமில்லை. 2004 யூரோ போட்டியை நடத்தியவர்கள் நீங்களல்ல என்றாலும் படிப்பினை ஒன்றுதான். போர்த்துகல் பத்து அரங்கங்களைத் தயார்செய்தது. லெய்ரியா நகராட்சி தன் அரங்கத்தை விற்க முன்வந்தும் வாங்க ஆளில்லை. அவெய்ரோவில் அரங்கத்தின் சொந்த அணி நிதி நெருக்கடியில் நொடித்து மாவட்ட அளவுக்குத் தள்ளப்பட்டது. ரஷ்யாவின் சரான்ஸ்க் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வாழும் நகரம். 2018-இல் அங்கே 40,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு அரங்கம் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்நகரின் அணி இல்லாமலே போயிற்று. நல்ல குடியிருப்பாளர் கிடைத்துவிட்டால்கூட அச்சம் தீர்வதில்லை. 2002 போட்டிக்காகக் கட்டப்பட்ட சப்போரோ டோமில் 2004 முதல் ஆடிவந்த பேஸ்பால் அணி, 2022-ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பிறகு தனக்கென வேறு அரங்கம் கட்டிக்கொண்டு வெளியேறிவிட்டது.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. அதையும் உங்கள் வரலாற்றிலிருந்தே எடுத்துக் காட்ட முடியும். 1994-இல் அமெரிக்கா ஓர் அரங்கத்தைக்கூடப் போட்டிக்கெனப் புதிதாகக் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஒன்பது அரங்கங்களில் ஆட்டங்கள் நடந்தன. பான்டியாக் நகரின் மூடிய அரங்கத்தில் புல்லே கிடையாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறுகோணத் தட்டுகளில் புல்லை வளர்த்து, தேன்கூட்டைப் போல அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளே தரை அமைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தட்டுகள் வெளியேறின. 24 அணிகளும் 52 ஆட்டங்களுமே இருந்த அந்தப் போட்டியை 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேரில் கண்டார்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 69,000 பேர். அந்த எண்ணிக்கையை 2022 வரை, 32 அணிகளோடும் புதுப் புது அரங்கங்களோடும் நடந்த எந்தப் போட்டியும் தாண்டவில்லை. 2006-இல் ஜெர்மனி செலவிட்டது குறைவல்ல. ஆனால் பெரும்பாலான அரங்கங்கள் கூட்டம் குறையாத அணிகளின் வீடுகள். சியோல் உலகக் கோப்பை அரங்கத்துக்குள் பேரங்காடியும் திரையரங்கும் கட்டும்போதே திட்டமிடப்பட்டன. முதல் உலகக் கோப்பைக்காக 1930-இல் மான்டிவிடியோவில் கட்டப்பட்ட சென்டெனாரியோ, மழையால் வேலை தாமதமாகி, போட்டி தொடங்கிய பிறகே திறக்கப்பட்டது. அதுவரை முதல் ஆட்டங்களைச் சிறிய மைதானங்களில் நடத்திச் சமாளித்தார்கள். உருகுவே தேசிய அணி இன்றும் அதில்தான் ஆடுகிறது. 1983-இல் அதை உலகக் கால்பந்தின் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தவர்கள் நீங்களே.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு என்பதால் அதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இருக்கும் அரங்கங்களைக் கொண்டே நடத்த வேண்டும் என்றால், போட்டி எப்போதும் அமெரிக்காவுக்கும் மேற்கு ஐரோப்பாவுக்கும்தானே போகும். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் வாசலில் நிற்க வேண்டியதுதானா என்று கேட்பீர்கள். நிற்கக் கூடாது. அதற்காகவே எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன். நாற்பதாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கங்கள் பல நாடுகளிடம் இல்லை. இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் இருக்கைகள் கொண்டவை இருக்கின்றன. தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்கு அந்த அளவே போதும் என்றால், அல்லது அதற்கு மேல் தேவைப்படுவதைக் கழற்றக்கூடிய மாடங்களால் நிறைவுசெய்யலாம் என்றால், இன்று வாசலுக்கு வெளியே நிற்கும் நாடுகள் பல உள்ளே வர முடியும். உயர்ந்த எண்ணிக்கை ஏழை நாட்டைக் காப்பதில்லை. கடன் வாங்கச் செய்கிறது, அல்லது ஒதுங்கச் செய்கிறது.

கழற்றக்கூடிய மாடம் என்பது கனவல்ல. யெகாத்தரின்பர்கில் பழைய அரங்கத்தின் பாரம்பரிய முகப்பைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால், 2018-இல் இரு கோல்களுக்குப் பின்னாலும் சுவருக்கு வெளியே சாரக்கட்டின் மேல் தற்காலிக மாடங்கள் நிறுத்தப்பட்டன. படத்தைப் பார்த்துப் பலர் நகைத்தார்கள். ஒரு பொறியாளனாக அதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன்: போட்டி முடிந்ததும் அவை இறக்கப்பட்டன, ஊருக்கு ஊரின் அளவிலான அரங்கம் மிஞ்சியது. கத்தாரின் 974 அரங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. 974 சரக்குப் பெட்டகங்களையும் எஃகுச் சட்டங்களையும் அடுக்கி, 44,000 பேர் அமரும்படி, முழுவதையும் கழற்றி வேறிடத்துக்குக் கொண்டுபோகும் நோக்கத்தோடு அது வடிவமைக்கப்பட்டது. கழிப்பறைகள்கூடப் பெட்டகங்களுக்குள்ளேயே இருந்தன. அங்கே ஏழு ஆட்டங்கள் நடந்தன. ஆனால் போட்டி முடிந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் அது கழற்றப்படாமல் அதே இடத்தில் நின்றது. கழற்றலாம் என்ற வடிவமைப்பு மட்டும் போதாது. எந்த நாளுக்குள், யார் செலவில், எந்த ஊருக்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மற்ற அரங்கங்களின் மேல்மாடங்களிலிருந்து 1,70,000 இருக்கைகளை வளரும் நாடுகளுக்கு வழங்குவதாகக் கத்தார் அறிவித்தது. அவற்றில் எத்தனை, எந்தெந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தன என்ற பட்டியலை நீங்கள் வெளியிட வேண்டும் என்றும் இம்மடலின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

கத்தார் என்று எழுதிவிட்டு, அந்த அரங்கங்களைக் கட்டியவர்களைப் பற்றி எழுதாமல் என்னால் அடுத்த பத்திக்குப் போக முடியாது. இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை முதலான நாடுகளிலிருந்து போன கைகள் அவை. அரங்கக் கட்டுமானத்தில் இறந்தோர் 40 பேர் என்று முதலில் சொல்லப்பட்டது. அவர்களில் மூவர் மட்டுமே வேலை காரணமாக இறந்ததாகக் கணக்கு. 2022 நவம்பரில் ஏற்பாட்டுக் குழுவின் தலைமைச் செயலரே ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், போட்டி தொடர்பான பணிகள் அனைத்திலும் இறந்தோர் 400 முதல் 500 வரை இருக்கலாம் என்றார். இறந்தவரின் வீட்டுக்கு வந்த சான்றிதழ்கள் பலவற்றில் "இயற்கை மரணம்", "இதயச் செயலிழப்பு" என்று மட்டுமே எழுதியிருந்தது. கடும் வெயிலில் வேலையை நிறுத்தும் விதி 2021-இல் வலுப்படுத்தப்பட்டது, நல்லது. ஆனால் அதற்குள் பெரும்பாலான அரங்கங்கள் எழும்பிவிட்டிருந்தன. மனித உரிமை அமைப்புகள் தொழிலாளர் இழப்பீட்டுக்காக 44 கோடி டாலர் ஒதுக்கக் கோரின. நீங்கள் 2024-இல் அறிவித்த 5 கோடி டாலர் மரபு நிதி வேறு நற்பணிகளுக்குப் போயிற்று. அந்தக் குடும்பங்களுக்கு நேரடி இழப்பீடாகப் போகவில்லை. 2025 மார்ச்சில் சவூதியின் கோபர் நகர அரங்கக் கட்டுமானத்தில் பாகிஸ்தானைச் சேர்ந்த தொழிலாளர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். போட்டிக்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

தேவைக்கு மேல் கட்டப்படும் ஒவ்வொரு மாடத்துக்கும் இந்த ஆபத்தும் சேர்ந்தே வருகிறது என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மேல்மாடம் என்பது அதிக உயரம். அதிக உயரம் என்பது அதிக சாரம், அதிக பளுதூக்கி, அதிக வெயில் மணிநேரம். பிறகு காலியாகவே இருக்கப்போகும் ஒரு மாடத்திலிருந்து ஒருவர் விழுந்து இறந்தார் என்பதை அவருடைய வீட்டாருக்கு எப்படி விளக்குவது?

2013 ஜூனில் பிரேசில் தெருக்களில் இறங்கிய மக்கள், "ஃபிஃபா தரத்தில் மருத்துவமனைகள் வேண்டும்" என்று பலகை ஏந்தினார்கள். 2025 செப்டம்பரில் மொராக்கோ இளைஞர்கள், 2030 போட்டிக்கான அரங்கங்கள் எழும்பும் நாட்டில், "அரங்கங்கள் இருக்கின்றன, மருத்துவமனைகள் எங்கே?" என்று கேட்டார்கள். அகாதிர் மருத்துவமனையில் பேறுகாலத்தில் பெண்கள் இறந்தது அந்தக் கோபத்துக்குத் தீ வைத்தது. இரண்டு கண்டங்களில், பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் ஒரே வாசகத்தை எழுதியிருக்கிறார்கள். கால்பந்தை உயிராக நேசிக்கும் இரு நாடுகள் அவை. அந்த மக்கள் ஆட்டத்தை வெறுத்துப் பேசவில்லை. தங்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். காசாபிளாங்கா அருகே 1,15,000 இருக்கைகளோடு எழவிருக்கும் அரங்கம் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லப்போகிறது என்பதை அவர்களோடு சேர்ந்து நானும் அறிய விரும்புகிறேன்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. தொடக்கச் சுற்று ஆட்டங்களுக்கான குறைந்தபட்ச இருக்கை எண்ணிக்கையை 40,000-லிருந்து இறக்குங்கள். நிரந்தர இருக்கைகளின் எண்ணிக்கையை அந்த ஊரில் வழக்கமாக வரும் கூட்டத்தோடு பொருத்துங்கள். மிகுதியைத் தற்காலிக மாடங்களால் நிரப்பலாம் என்று விதியிலேயே எழுதுங்கள். ஏற்கெனவே இருக்கும் அரங்கங்களுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையை மீண்டும் உயர்த்துங்கள். 2026 போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 16 அரங்கங்களில் ஒன்றுகூட அதற்கெனப் புதிதாகக் கட்டப்பட்டதல்ல; எனவே இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எவரும் சொல்ல முடியாது.

அடுத்தது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது. ஒவ்வொரு புதிய அரங்கத்துக்கும் போட்டிக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளின் கணக்கை விண்ணப்பத்தோடு கேட்டு வாங்குங்கள். உரிமையாளர் யார், ஆடப்போகும் அணி எது, அந்த அணியின் கடந்த ஐந்தாண்டுச் சராசரிக் கூட்டம் எவ்வளவு, புல்லுக்கும் கூரைக்கும் மின்சாரத்துக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவு என்ன, அது எந்த வரவிலிருந்து வரும் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். "பல்நோக்குப் பயன்பாடு" என்ற இரண்டு சொற்களை அந்த இடத்தில் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான் பார்த்த காலி அரங்கத்தின் கோப்பிலும் அந்த இரண்டு சொற்கள்தான் இருந்தன. அந்தக் கணக்கு நடத்தும் நாட்டு மக்களின் மொழியில் அச்சாகி, அவர்கள் கைக்குப் போக வேண்டும். 2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டுகளில் உங்கள் வருவாய் ஏறக்குறைய 757 கோடி டாலர். அடுத்த சுழற்சியில் அது இன்னும் உயர்கிறது. அதில் ஒரு பங்கு, போட்டி முடிந்த அரங்கங்களின் பராமரிப்புக்கும், கட்டுமானத்தில் இறந்தோர், முடமானோர் குடும்பங்களுக்கும் எனத் தனியே பூட்டிவைக்கப்பட வேண்டும். விதியை எழுதுபவர் அதன் விளைவிலும் பங்கேற்பது என் தொழிலில் இயல்பான நடைமுறை. வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியாளர் கட்டடத்துக்கும் பொறுப்பேற்கிறார்.

சவூதியின் பட்டியலில் இருக்கும் அந்தப் பதினோரு புதிய அரங்கங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். அவற்றில் பல இன்னும் தாளில்தான் இருக்கின்றன. மேல்மாடத்தை வரைபடத்திலிருந்து நீக்க ஒரு பிற்பகல் போதும். வார்த்த பிறகு நீக்கப் பல மாதங்கள் ஆகும், சில நேரங்களில் உயிர்களும் ஆகும். அந்தப் பதினொன்றுக்குமான இருபது ஆண்டுக் கணக்கை, வேலை தொடங்காதவற்றுக்கு அடித்தளம் தோண்டப்படும் முன்பே, வெளியிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால், அதை வரிக்கு வரி படித்து என் கருத்தை எழுதி அனுப்பக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ஒரு கட்டடப் பொறியாளன், கால்பந்து ரசிகன்